எத்தனை மருதூர்? ஒரே பெயருள்ள ஆற்றங்கரை ஊர்க்காரர்கள் வாருங்கள்

தென்கரை எழுதியது:

வணக்கம். எங்கள் ஊர் மருதூர். கரூர் மாவட்டம், குளித்தலை வட்டம், காவிரியின் தென்கரை. வாழையும் வெற்றிலையும் கோரையும் விளைகிற சின்னப் பேரூராட்சி. இந்த இழையைத் தொடங்க ஒரு காரணம் இருக்கிறது.

போன மாசியில் அம்மா தவறிவிட்டார். பிறந்த வீட்டுக் கோடித்துணி கொண்டுவர வேண்டியவர் மாமா ஒருவர்தான். எழுபது வயதுக்காரர். சேதி கேட்டதும் சென்னையிலிருந்து ராத்திரியே வாடகை வண்டி பிடித்துக் கிளம்பினார். ஓட்டுநர் தம்பி கைப்பேசி வரைபடத்தில் 'மருதூர்' என்று போட்டு, முதலில் வந்ததைத் தொட்டிருக்கிறார். மாமா அசதியில் தூங்கிவிட்டார். விடியும்போது கண் விழித்தால் வண்டி கடலூர் மாவட்டத்து மருதூரில் நிற்கிறது. அங்கிருந்து எங்கள் ஊருக்கு நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நாங்கள் முடிந்தவரை காத்திருந்தோம். அதற்கு மேல் முடியவில்லை. பக்கத்து ஊர்ப் பங்காளி ஒருவரை வைத்துக் கோடி போட்டோம். மாமா வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அந்தப் புடவைப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அதைப் பார்க்க முடியவில்லை.

யார் மீதும் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அன்றிலிருந்து ஒரு கேள்வி. மொத்தம் எத்தனை மருதூர் இருக்கிறது? ஏன் இத்தனை? உங்கள் ஊரை மற்ற ஊரிலிருந்து எப்படிப் பிரித்துச் சொல்கிறீர்கள்? எங்கள் ஊருக்கு ஒரு அடைமொழி சேர்க்கச் சொல்லி மனு கொடுக்கலாமா என்றும் யோசிக்கிறேன்.

வடலூர்வாசி எழுதியது:

அண்ணா, படித்ததும் மனசு கனத்துவிட்டது. உங்கள் மாமா வந்து நின்ற மருதூர் எங்கள் பக்கம்தான். வள்ளலார் 1823-இல் பிறந்த ஊர். தைப்பூசத்துக்கு வடலூர் வருகிறவர்கள் பலர் அங்கேயும் போவார்கள். அதனால் வெளியூர் வண்டி வந்து நின்றால் நாங்கள் வித்தியாசமாக நினைப்பதில்லை. யாராவது 'எந்த மருதூர்?' என்று அவரைக் கேட்டிருக்கலாம். இனி நான் கேட்பேன்.

நெல்லைக்காரி எழுதியது:

உங்கள் அம்மாவுக்கு என் அஞ்சலி, அண்ணாச்சி.

எங்கள் பக்கமும் ஒரு மருதூர் உண்டு. தாமிரபரணியில் மருதூர் அணைக்கட்டு என்றால் விவசாயிகள் எல்லாருக்கும் தெரியும். ஆற்றின் எட்டு அணைக்கட்டுகளில் அது ஏழாவது. அதற்குக் கீழே ஸ்ரீவைகுண்டம் மட்டும்தான், அது வெள்ளைக்காரர் காலத்தில் கட்டியது. மருதூர் அதற்கு மிகவும் முந்தியது. அங்கிருந்து பிரிகிற வாய்க்கால்களுக்கு மருதூர் மேலக்கால், மருதூர் கீழக்கால் என்று பெயர். எங்கள் அப்பா நடவு பற்றிப் பேசும்போது 'மருதூர்' என்று ஊரைச் சொல்ல மாட்டார், 'கீழக்காலில் தண்ணி வந்தாச்சா' என்றுதான் கேட்பார். எங்களுக்கு அடைமொழி வாய்க்கால்தான்.

அப்புறம், நான் வாக்கப்பட்டது திருப்புடைமருதூர்ப் பக்கம். அதுவும் தாமிரபரணிக் கரைதான், கடனாநதி வந்து சேருகிற இடம். எனக்கு ஒரே ஆற்றில் பிறந்த வீடு ஒரு மருதூர், புகுந்த வீடு ஒரு மருதூர்.

இடைமருதூரான் எழுதியது:

எத்தனை மருதூர் என்று கேட்டால் கோயில் மரபு மூன்று என்கிறது. ஸ்ரீசைலம் தலைமருது, கும்பகோணத்துக்குக் கிழக்கே இருக்கும் எங்கள் திருவிடைமருதூர் இடைமருது, அக்கா சொன்ன திருப்புடைமருதூர் கடைமருது. மூன்றுக்கும் தலமரம் மருதம். மூன்றும் ஆற்றங்கரை: கிருஷ்ணா, காவிரி, பொருநை என்கிற தாமிரபரணி. ஸ்ரீசைலத்துச் சுவாமி பெயர் மல்லிகார்ச்சுனர். அர்ச்சுனம் என்றால் வடமொழியில் மருதமரம்தான்.

கவனியுங்கள், 'இடைமருது' என்ற பெயர் தேவாரத்திலேயே இருக்கிறது. தைப்பூசத்தன்று இங்கே காவிரியில் நீராடுவதை அப்பர் பாடியிருக்கிறார். அவர் காலம் 7-ஆம் நூற்றாண்டு. அப்போதே 'எந்த மருது?' என்ற கேள்வி எழுந்து, அதற்குப் பதிலாக 'இடை' என்ற சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தென்கரை ஐயா கேட்கிற கேள்வி 1300 வருடப் பழைய கேள்வி.

குடமுருட்டி எழுதியது:

மன்னிக்கவும், ஒரு மாற்றுக் கருத்து. மூன்றையும் ஒரே வரிசையில் கோத்தது பிற்காலத் தலபுராணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. தேவாரத்தில் ஸ்ரீசைலத்தின் பெயர் திருப்பருப்பதம். அது மலையை வைத்து வந்த பெயர், மரத்தை வைத்து அல்ல. 'இடை' என்பது வேறு இரண்டு சின்ன மருதூர்களுக்கு நடுவில் என்ற பொருளில்கூட வந்திருக்கலாம். நான் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் ஒரு பெயர் ஓரிடத்தில் பிறந்து மற்ற இடங்களுக்குப் போனது என்று எடுத்துக்கொண்டால் குளித்தலை மருதூரும் வடலூர் மருதூரும் யாரிடமிருந்து பெயர் வாங்கின?

எங்கள் ஊர் கதை வேறு. திருக்காட்டுப்பள்ளி. பாடல் பெற்ற தலத்தில் இரண்டு உண்டு. மேலைத் திருக்காட்டுப்பள்ளி எங்களுடையது, தஞ்சை மாவட்டம், குடமுருட்டிக் கரை, அக்னீசுவரர். கீழைத் திருக்காட்டுப்பள்ளி திருவெண்காட்டுப் பக்கம், ஆரணியேசுவரர். சம்பந்தர் இரண்டையும் பாடியிருக்கிறார். மேலை, கீழை என்பது வெறும் திசை அல்ல. காவிரி மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறது. மேலை என்றால் தண்ணீர் முதலில் வருகிற ஊர். கீழை என்றால் கடலுக்குக் கிட்டத்தில், கடைசியாக வருகிற ஊர். மேல், கீழ் என்ற சொற்களிலிருந்துதான் மேற்கும் கிழக்குமே வந்தன. நம் ஊர்ப் பெயர்களில் ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது எழுதியே இருக்கிறது. இன்றைக்கு வரைபடத்திலும் பேருந்துப் பலகையிலும் இந்த 'மேலை' காணாமல் போய்விட்டது. எனக்கு வருத்தம் அதில்தான்.

மரம்செடி எழுதியது:

நான் பள்ளியில் தாவரவியல் எடுக்கிறேன். குடமுருட்டி கேட்ட கேள்விக்கு என் பதில்: யாரும் யாரிடமும் வாங்கவில்லை. மரம்தான் கொடுத்தது.

மருதம் என்று நாம் சொல்கிற நீர்மருது, வெண்மருது என்றும் பெயர், தானாக வளர்கிற இடம் பெரும்பாலும் ஆற்றங்கரை, ஓடைக்கரை, ஏரிக்கரை. வேருக்கு ஈரம் வேண்டும். வெள்ளத்தில் மண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கும். நன்றாக உயர்ந்து அகலமாகப் படரும், அதனால் ஆற்றைக் கடக்க வருகிறவனுக்குத் தூரத்திலிருந்தே அடையாளம். துறை இருக்கிற இடத்தில் மருது இருக்கும், மருது இருக்கிற இடத்தில் குடியேறுவார்கள், 'மருதூர்' என்பார்கள். காவிரிக்காரன் தாமிரபரணிக்காரனைக் கேட்டுப் பெயர் வைக்கத் தேவையே இல்லை. சங்க இலக்கியத்தில் மதுரையில் வைகைத் துறைக்கே 'திருமருத முன்துறை' என்று பெயர். கிராமத்தில் இன்றும் மதுரையை 'மருதை' என்பவர்கள் இருக்கிறார்கள். மதுரை என்ற பெயரே மருதிலிருந்து வந்தது என்று ஒரு கருத்து உண்டு. அரியலூர்ப் பக்கம் கொள்ளிடத்தில் சேருகிற ஓர் ஆற்றுக்கே மருதையாறு என்று பெயர். வயல் சார்ந்த நிலத்தை மருதம் என்று முன்னோர் அழைத்ததும் இந்த மரத்தை வைத்துத்தான்.

ஒரு சின்னத் திருத்தம், கேட்பவர்கள் உண்டு என்பதால்: மருதாணிக்கும் இதற்கும் உறவு இல்லை. கருமருது, பூமருது இரண்டும் வேறு மரங்கள்.

எல்லா மருதூர்க்காரர்களுக்கும் என் கேள்வி ஒன்றுதான். உங்கள் மருதூரில் மருதமரம் இருக்கிறதா?

தென்கரை எழுதியது:

ஐயா, உண்மையைச் சொன்னால் எனக்குத் தெரியவில்லை. ஐம்பது வருடம் அந்த ஊரில் இருந்திருக்கிறேன். மருதமரம் எப்படி இருக்கும் என்றே தெரியாது. அடையாளம் சொல்லுங்கள், இந்த ஞாயிறு தேடிப் பார்க்கிறேன்.

மரம்செடி எழுதியது:

பட்டையைப் பாருங்கள். வழவழப்பாக, வெளுத்த சாம்பல் நிறத்தில், ஆங்காங்கே தகடு தகடாக உரிந்திருக்கும். தூரத்தில் பார்த்தால் கொய்யாமரத்தைப் பெரிதாக்கி நட்டதுபோல் இருக்கும். காய்தான் சந்தேகமில்லாத அடையாளம்: நீளவாக்கில் ஐந்து சிறகு. நட்சத்திரக் கனியை நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் கட்டைபோல் காய்ந்திருக்கும். கீழே உதிர்ந்து கிடக்கும். வயதானவர்களைக் கேட்டால் 'நெஞ்சு வலிக்குப் பட்டை செதுக்குகிற மரம்' என்று காட்டுவார்கள். சித்த மருத்துவத்தில் மருதம்பட்டை இதயத்துக்கானது. அதனாலேயே பல மரங்கள் அடி முழுக்கச் செதுக்கப்பட்டுக் கிடக்கின்றன.

பழையகணக்கு எழுதியது:

கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். வருவாய்த்துறைப் பக்கத்தைச் சொல்கிறேன்.

ஒரு வட்டத்துக்குள் ஒரே பெயரில் இரண்டு வருவாய்க் கிராமம் இருந்தால் அங்கே வேறுபடுத்தி எழுதியிருப்பார்கள். வேதாரண்யம் வட்டத்தில் மருதூர் வடக்கு, மருதூர் தெற்கு இருக்கின்றன. மற்ற இடங்களில் மேல, கீழ, பெரிய, சின்ன. சில ஊர்களில் 'பிட் 1', 'பிட் 2' என்றும் பார்க்கலாம். வட்டம் மாறிவிட்டால் யாரும் கவலைப்படவில்லை. ஏன் தெரியுமா? ஒரு பெயர் எவ்வளவு தூரம் செல்லுபடியாக வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு இருந்தது. மாட்டுவண்டி ஒரு நாளில் போய்த் திரும்புகிற தூரம். பெண் கொடுப்பது, சந்தைக்குப் போவது, கோர்ட்டுக்குப் போவது எல்லாம் அதற்குள்ளேதான். அந்த வட்டத்துக்குள் ஒரே ஒரு மருதூர் இருந்தால் போதும். அதைத் தாண்டிப் போகிறவர் 'குளித்தலைப் பக்கம் மருதூர்' என்று சேர்த்துச் சொன்னார். 1972-இல் அஞ்சல் குறியீட்டு எண் வந்தபோது கடிதத்துக்கு அந்தச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்தது. கைப்பேசி வரைபடம் மாநிலத்தையே ஒரே பட்டியலாக்கிவிட்டது. அந்தப் பட்டியலில் தேடுகிறவர் வெறும் ஊர்ப் பெயரை மட்டும் போடுகிறார்.

பெயரை மாற்ற மனு கொடுப்பது பற்றி: வேண்டாம் என்பேன். பத்திரம், பட்டா, சிட்டா, சாதிச் சான்று, பள்ளி மாற்றுச் சான்று, வில்லங்கம் எல்லாவற்றிலும் பழைய பெயர் இருக்கும். பெயர் மாறினால் 'இரண்டும் ஒரே ஊர்தான்' என்று சான்று வாங்கவே ஏழைகள் அலைய வேண்டும். நான் அந்த நாற்காலியில் இருந்தவன், அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வரைபடப்பிள்ளை எழுதியது:

கணக்கு ஐயா சொல்வது சரிதான், ஆனால் அப்படியே விட்டுவிட்டால் இன்னொரு மாமா இன்னொரு ஊரில் நிற்பாரே. பெயரை மாற்றாமலேயே செய்யக்கூடியது உண்டு. ஓபன்ஸ்ட்ரீட்மேப் போன்ற பொது வரைபடத்தில் ஓர் ஊருக்கு அரசுப் பெயரோடு மாற்றுப்பெயரும் உள்ளூர் வழக்குப் பெயரும் தனித்தனியாகச் சேர்க்கலாம். யார் வேண்டுமானாலும் கணக்குத் தொடங்கிச் சேர்க்கலாம். மேலைத் திருக்காட்டுப்பள்ளி என்று அங்கே எழுதிவிட்டால் அது தொலையாது.

எழுத்துக்கூட்டல் இன்னொரு தலைவலி. ஆங்கில எழுத்தில் மருதூரை ஒருவர் Marudur என்று எழுதுகிறார், ஒருவர் Marudhur, ஒருவர் Maruthur. 2020 ஜூனில் அரசு 1018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்றபடி மாற்றி ஆணையிட்டது, சில நாட்களிலேயே திரும்பப் பெற்றுவிட்டது. ஆங்கிலத்தை நம்பினால் வேறு வேறு ஊரும் ஒன்றாகிவிடும். நாச்சியார்கோயில் பக்கம் இருப்பது திருநறையூர். நம்பியாண்டார் நம்பி பிறந்தது காட்டுமன்னார்கோயில் பக்கத்துத் திருநாரையூர். ஒன்று நறை, தேன். மற்றது நாரை, பறவை. தமிழில் குழப்பமே இல்லை. ஆங்கிலப் பலகையில் இரண்டும் ஒரே எழுத்து. தமிழில் தேடுங்கள், தமிழில் எழுதுங்கள் என்று நான் எல்லோரிடமும் கெஞ்சுவது இதனால்தான்.

நெல்லைக்காரி எழுதியது:

மரம்செடி ஐயா கேட்டதற்குப் பதில். திருப்புடைமருதூரில் மருதமரம் இருக்கிறதா என்றா கேட்கிறீர்கள்! கோயிலைச் சுற்றி நிற்கிற மருதிலும் இலுப்பையிலும் பறவைகள் கூடு கட்டும். ஊர்க்காரர்கள் அவற்றை விரட்டமாட்டார்கள். எச்சம் விழுகிறதே என்று ஒருவரும் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. 2005-இல் அந்த இடத்தை 'கன்சர்வேஷன் ரிசர்வ்' என்ற வகைப் பறவைகள் காப்பகமாக அறிவித்தார்கள். இந்தியாவிலேயே அந்த வகையில் அதுதான் முதலாவது.

கோயில் கதையும் ஒன்று சொல்லிவிடுகிறேன், தென்கரை அண்ணாச்சிக்காக. கருவூர்ச் சித்தர் நாறும்பூநாதரைப் பார்க்க வந்தபோது ஆற்றில் வெள்ளம். அக்கரையில் நின்றுகொண்டே கூப்பிட்டாராம். அவர் குரலைக் கேட்கச் சுவாமி காதைச் சாய்த்தாராம். இன்றும் லிங்கம் ஒருபக்கம் சாய்ந்துதான் இருக்கிறது. கருவூர் என்றால் உங்கள் கரூர். உங்கள் மாவட்டத்துக்காரர் ஒருவர் எங்கள் மருதூருக்கு வந்து ஆற்றைத் தாண்ட முடியாமல் நின்றிருக்கிறார். ஒருநாள் குடும்பத்தோடு வாருங்கள். கோபுரத்துக்குள் ஐந்து நிலையிலும் ஓவியமும் மரச்சிற்பமும் இருக்கின்றன. வீட்டில் சாப்பாடு.

இடைமருதூரான் எழுதியது:

அக்கா, அந்தச் சாய்ந்த லிங்கத்தைப் பார்த்திருக்கிறேன்.

குடமுருட்டிக்கு: நீங்கள் சொன்னதை யோசித்தேன். பெயர் அந்தந்த இடத்து மரத்திலிருந்து பிறந்தது என்பதை ஏற்கிறேன். ஆனால் பிறகு யாரோ மூன்று ஊரையும் ஒன்றாக நினைத்துத் தலை, இடை, கடை என்று சொன்னார்கள் அல்லவா? கிருஷ்ணாவிலிருந்து பொருநை வரைக்கும் நடந்த ஒருவர்தான் அதைச் சொல்லியிருக்க முடியும். தூரத்து ஊரில் தன் ஊர் மரத்தைப் பார்த்தவனுக்கு வருகிற சந்தோஷம் அது. அதைப் பிற்காலப் புராணம் என்று ஒதுக்க எனக்கு மனசு வரவில்லை.

குடமுருட்டி எழுதியது:

ஒதுக்கவில்லை, நண்பரே. வரலாறு வேறு, உறவு வேறு என்றுதான் சொன்னேன். நீங்கள் சொன்ன அந்த நடந்த மனிதர் எனக்கும் பிடித்திருக்கிறது.

வடலூர்வாசி எழுதியது:

ஒரு கேள்வி. எம்.ஜி.ஆர். பெயரில் முதல் எழுத்து 'மருதூர்' என்று படித்திருக்கிறேன். அது எந்த மருதூர்?

இடைமருதூரான் எழுதியது:

அது மருதூர் கோபாலன் இராமச்சந்திரன். கேரளத்துக் குடும்பப் பெயர். நம் பட்டியலில் உள்ள ஊர் எதுவும் இல்லை.

தென்கரை எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். பதில் எழுதிய எல்லாருக்கும் நன்றி.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆற்றங்கரைக்குப் போனேன். படித்துறைப் பக்கம் வேம்பு, புங்கன், சீமைக்கருவேலம். மருதம் இல்லை. வாய்க்கால் கரையோடு நடந்தேன். வெற்றிலைக் கொடிக்காலில் வேலை செய்துகொண்டிருந்த ஒரு பெரியம்மாவிடம் 'நெஞ்சு வலிப் பட்டை மரம்' என்று கேட்டேன். கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். இரண்டு மரம். ஒன்றின் அடி, ஐயா சொன்னதுபோல், ஆள் உயரத்துக்குச் செதுக்கப்பட்டிருந்தது. கீழே காய் கிடந்தது. ஐந்து சிறகு. எண்ணிப் பார்த்தேன்.

பெரியம்மா சொன்னார்: 'உங்கம்மா பிரசவத்துக்கு அப்புறம் இங்கதான் துணி அலசும். அந்த வேருமேலதான் உட்காரும்.' அந்த மரத்தின் பெயர்தான் எங்கள் ஊரின் பெயர் என்பது அம்மாவுக்குத் தெரிந்திருக்குமா தெரியவில்லை. ஒரு காயை எடுத்து வந்திருக்கிறேன்.

மனு கொடுக்கப் போவதில்லை. கணக்கு ஐயா சொன்னது மனசில் பட்டது. மருதூர் மருதூராகவே இருக்கட்டும். முன்னால் என்ன சேர்ப்பது என்பதை மட்டும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். வரைபடப்பிள்ளை தம்பி உதவியோடு பொது வரைபடத்தில் 'குளித்தலை மருதூர்' என்று மாற்றுப்பெயர் சேர்த்துவிட்டோம். பத்திரிகை அடிக்கிற கடைக்காரரிடமும் சொல்லியிருக்கிறேன், இனி எங்கள் ஊர்க் கல்யாணப் பத்திரிகை எதுவானாலும் வட்டமும் மாவட்டமும் ஆற்றின் பெயரும் போட்டுத் தரச் சொல்லி.

இன்னொன்று கவனித்தேன். எங்களுக்கு எதிர்க்கரையில் உமையாள்புரம். இரண்டுக்கும் நடுவே காவிரியில் கதவணை வேண்டும் என்று பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அந்த உமையாள்புரத்துக்கும் கும்பகோணத்துப் பக்கம் காவிரிக் கரையிலேயே ஒரு சோடி இருக்கிறது, மிருதங்க வித்வான் சிவராமன் பெயரோடு சேர்ந்து உலகத்துக்கே தெரிந்த ஊர் அதுதான். ஆக, அக்கரைக்காரர்களும் எங்களைப் போலத்தான்.

குடமுருட்டி எழுதியது:

உமையாள்புரத்துக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் தனி இழை தொடங்குங்கள். அதில் நானும் வருகிறேன்.

மரம்செடி எழுதியது:

தென்கரை ஐயா, அந்தக் காயை அப்படியே மண்ணில் போடாதீர்கள். சிறகோடு இருந்தால் முளைப்பது தாமதமாகும். சில நாள் தண்ணீரில் ஊறவைத்துப் பிறகு போடுங்கள். செதுக்கப்பட்ட மரத்தைச் சுற்றி முழுவட்டமாகப் பட்டை போயிருந்தால் அது நிற்காது. ஒரு பக்கமாவது தொடர்ச்சியாகப் பட்டை இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

தென்கரை எழுதியது:

ஆற்றைப் பார்த்த பக்கம் முழுசாக இருக்கிறது, ஐயா. மண் சரிவு என்பதால் அந்தப் பக்கம் நின்று யாரும் செதுக்க முடியவில்லைபோல. காயை நேற்றே தண்ணீரில் போட்டுவிட்டேன்.

அடுத்த மாதம் அம்மாவுக்குத் தலைத்திவசம். மாமா வருகிறார். இந்த முறை வரைபடச் சுட்டியோடு ஒரு காகிதத்திலும் எழுதி அனுப்பியிருக்கிறேன், ஓட்டுநரிடம் படித்துக்காட்டச் சொல்லி. அதில் இருப்பது இதுதான்:

'திருச்சிக்கு வந்து கரூர் சாலையைப் பிடிக்கவும். பெட்டவாய்த்தலை தாண்டி, குளித்தலைக்கு முன்னால். வழி நெடுகக் காவிரி உங்கள் வலது கைப் பக்கம் வரும். வலது கைப் பக்கம் ஆறு இல்லை என்றால் வண்டியை நிறுத்திவிட்டு எனக்குப் போன் செய்யவும். எந்த நேரமானாலும் எடுப்பேன்.'